கண்டிப்பான தலைமையாசிரியர் வந்தால் ஆசிரியர் நன்றாகக் கற்பிப்பாரா?

பிறைவாசி, 2025 மே 14, மாலை 6.15

எங்கள் பள்ளிக்கு பிப்ரவரியில் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். ரொம்பக் கண்டிப்பு. முன்பு இருந்தவர் நல்ல மனிதர், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் என் மகன் மூன்றாம் ஆண்டுக்கு வந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். புதியவரைப் பற்றி ஆசிரியர்கள் முணுமுணுப்பது எங்கள் காதுவரை வருகிறது. நான் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருக்கிறேன், அடுத்த மாதம் கூட்டம். என் கருத்து இதுதான்: மேலே பயம் இருந்தால் கீழே வேலை நடக்கும். ஆசிரியர்கள் யாராவது மறுக்க முடியுமா?

மே 14, இரவு 9.50

மறுக்கிறேன். 23 ஆண்டாக மலேசியாவின் பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியை. தீவில் இரண்டு பள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இரண்டு. ஆறு தலைமையாசிரியர்களைப் பார்த்தாகிவிட்டது. பயம் வேலை வாங்கும், அதில் சந்தேகமே இல்லை. எந்த வேலையை வாங்கும் என்று கேளுங்கள்.

எனக்கு அமைந்த இரண்டாவது தலைமையாசிரியருக்குத் திங்கட்கிழமை காலை 7.10க்குள் பாடத்திட்டப் புத்தகம் மேசையில் இருக்க வேண்டும். சிவப்புப் பேனாவோடு உட்காருவார். கலைத்திட்டத்தில் உள்ள கற்றல் தரத்தின் எண் ஒன்று பிசகினால் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பெயரைச் சொல்லி, புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். மூன்றே மாதத்தில் என் புத்தகம் பள்ளியிலேயே அழகான புத்தகம் ஆகிவிட்டது.

ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் சிந்தனை மீட்சி எழுத வேண்டும். பாடம் முடிந்த பிறகு எழுத வேண்டியது அது: எத்தனை மாணவர் நோக்கத்தை அடைந்தார்கள், எத்தனை பேருக்குக் குறைநீக்கல் தேவை. நான் அதை முதல் நாள் இரவே எழுதி வைத்துவிடுவேன். "28 மாணவர்களில் 25 பேர் அடைந்தனர்." இன்னும் நடக்காத பாடத்துக்கு! மீதி மூன்று பேர் யார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

மே 15, காலை 6.20

பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒன்று சேர்க்கிறேன். நேற்று எழுதியதைப் படித்தால் அவர் காலத்தில் எதுவுமே நடக்கவில்லை என்பது போல் இருக்கிறது. அப்படி இல்லை. மணி ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. கழிப்பறையில் தண்ணீர் வராத நாள் இருந்ததில்லை. மேலாளர் வாரியத்துக்குள் இருந்த பழைய சண்டையை ஒரே கூட்டத்தில் முடித்து வைத்தார். கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் சரி செய்தார். வகுப்புக்குள் நடப்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, நாங்களும் காட்டவில்லை.

மே 16, இரவு 8.30

இன்று ஆசிரியர் தினம். நாட்டின் கல்விக் கொள்கைக்கு அடித்தளமான ரசாக் அறிக்கை 1956ஆம் ஆண்டு இதே மே 16இல் ஏற்கப்பட்டதன் நினைவாகத்தான் நம் நாட்டில் இந்த நாள். காலையில் சபைகூடல், பாட்டு, பிள்ளைகள் கையால் செய்த அட்டைகள். ஓர் அட்டையில் "டீச்சர் நீங்கள் கோபப்படும்போதும் அழகு" என்று எழுதியிருந்தது. அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்த அட்டையைப் பார்த்ததும் நான்காவது தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தார். பிறைவாசி, இவரைப் பற்றித்தான் நான் உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இவரும் கண்டிப்பானவர். அந்த இரண்டாமவரைவிடக் கண்டிப்பு என்றுகூடச் சொல்வேன். குரல் வாயில்வரை கேட்கும். வகுப்பு நேரத்தில் கையில் கைப்பேசி இருந்தால் தொலைந்தோம்.

எனக்கு அப்போது இரண்டாம் ஆண்டுத் தமிழ். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, பின்வரிசையில் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டார். கையில் உற்றுநோக்கல் பாரம் இல்லை, பேனா இல்லை. பக்கத்தில் இருந்த பையனின் பயிற்சிப் புத்தகத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஓய்வு நேரத்தில் கூப்பிட்டார். "டீச்சர், கடைசி வரிசைப் பையன் 'ழ' எழுதும்போது பென்சிலை எங்கே தூக்குகிறான், பார்த்தீர்களா?" நான் பார்த்ததில்லை. "முதலில் 'ம' எழுதுகிறான். பென்சிலைத் தூக்குகிறான். உங்கள் கரும்பலகையைப் பார்க்கிறான். அப்புறம் வாலைத் தனியாக ஒட்டுகிறான். 'ள', 'ற' எல்லாமே அப்படித்தான். அவனுக்கு இது எழுத்து இல்லை, படம். அதனால்தான் ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம்."

அந்தப் பையனைச் சோம்பேறி என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். மறுநாளிலிருந்து மணல் தட்டில் விரலால், கையை எடுக்காமல் எழுத வைத்தேன். ஐந்தாறு வாரம் ஆனது.

கண்டிப்பு இருவருக்கும் பொது. ஒருவர் என் புத்தகத்தைப் பார்த்தார், இன்னொருவர் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்தார்.

மே 18, பிற்பகல் 3.05

பயம் பற்றிப் பேசும்போது 1939இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன கர்ட் லெவின் என்ற உளவியலாளரும், லிப்பிட், வைட் என்ற இரு இளைஞர்களும் அயோவாவில் செய்தது. 10 வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் ஆணையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாம் வகைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிட்டார்.

ஆணையிடும் தலைவர் அறைக்குள் இருக்கும்வரை வேலை நன்றாக ஓடியது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் போன பிறகும் பெரிய மாற்றம் இல்லை.

அது சிறுவர் குழு, ஆசிரியர் அறை அல்ல, அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இதைப் படித்தபோது எங்கள் பள்ளியின் புதன்கிழமைகள்தான் கண்முன் வந்தன. இரண்டாவது தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கூட்டத்துக்குப் போகும் நாள் அது. அவர் கார் வாயிலைத் தாண்டியதும் ஆசிரியர் அறையில் தே தாரிக் வந்துவிடும். நானும் குடித்திருக்கிறேன். நாங்கள் கெட்டவர்கள் இல்லை, மூச்சு விட்டோம். ஆனால் அந்த மூச்சு பிள்ளைகளின் பாடவேளையிலிருந்து போனது.

நான்காமவர் அப்படிக் கூட்டத்துக்குப் போன நாளில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் இல்லை என்பதே சில நாள் மதியம்தான் தெரியும்.

மே 19, இரவு 10.15

உங்கள் பழைய தலைமையாசிரியர் சாந்தமானவர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அமைந்த மூன்றாமவரும் அப்படித்தான். தங்கமான மனிதர். அவருக்கு இலாகாவிடம் "முடியாது" என்று சொல்ல வராது. பேச்சுப் போட்டி, செந்தமிழ் விழா, திடல்தடப் பயிற்சி, மரம் நடுவிழா, யாரோ ஒரு பிரமுகர் வருகை, எல்லாவற்றுக்கும் "நம் பள்ளி வரும்". வருவது யார்? வகுப்பில் இருக்க வேண்டிய ஆசிரியர். அவருடைய வகுப்புக்கு மாற்று ஆசிரியர் போக வேண்டும், அந்த மாற்று ஆசிரியர் தன் ஓய்வுப் பாடவேளையில் திருத்த வேண்டிய நோட்டுகள் அப்படியே கிடக்கும்.

ஒரு வாரம் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். எனக்கு 28 பாடவேளை. ஒன்பது போயிற்று. ஒரு பாடவேளை 30 நிமிடம் என்றால் நாலரை மணி நேரம். பிறைவாசி, உங்கள் மகன் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அவன் ஆசிரியைக்குப் பயமில்லாததுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். முதலாம் ஆண்டில் அவன் வகுப்பில் ஆசிரியர் எத்தனை நாள் நின்றார், ஒரே ஆண்டில் எத்தனை பேர் மாறினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

மே 21, இரவு 11.00

மேலே எழுதியதைப் படித்த பழைய சக ஆசிரியை ஒருவர் அழைத்து, "அம்மா விஷயத்தை மறந்துட்டியாடி?" என்று கேட்டார். மறக்கவில்லை, எழுதத்தான் விட்டுவிட்டேன்.

என் அம்மா மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது மூன்றாமவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வகுப்பை வேறு யார் தலையிலும் கட்டவில்லை, அவரே போய் நின்றார். திரும்பி வந்தபோது 31 நோட்டுகளும் திருத்தி அடுக்கப்பட்டிருந்தன, பச்சை மையில். அந்த ஆண்டு மாற்றலுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே "சாந்தமானவரால் பயனில்லை" என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலத்தில் தினமும் போய் வருகிற பள்ளியில் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் தங்குவதே பெரிய விஷயம். அவர் அதைச் செய்தார். எங்கள் நேரத்தைக் காப்பாற்றத்தான் அவரால் முடியவில்லை.

மே 24, காலை 10.40

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். காலத்தைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1988இலிருந்து 2020வரை நம் தலைமையாசிரியர்களின் குணம் பாதி அந்தத் தேர்வு வடிவமைத்ததுதான். எந்தப் பள்ளியில் எத்தனை பேருக்கு 7ஏ (ஏழு தாளிலும் ஏ), பின்னாளில் எத்தனை பேருக்கு 8ஏ என்பதுதான் பேச்சு. பதாகை அடித்து வாயிலில் கட்டுவோம். விளைவு என்ன? கைதேர்ந்த ஆசிரியர்கள் எல்லாரும் ஆறாம் ஆண்டுக்கு. நேற்றுப் பயிற்சி முடித்து வந்த பிள்ளை முதலாம் ஆண்டுக்கு. எழுத்து அறிமுகமாகும் இடத்தில் அனுபவம் இல்லாதவர், எழுத்தே தெரியாமல் ஐந்து ஆண்டு ஏறி வந்தவனைத் தூக்கி நிறுத்த அனுபவசாலி. இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஒரு தலைமையாசிரியரிடம் தன் பேச்சு நடையைவிட, உட்காருகிற நாற்காலியைவிட, கையில் இருக்கிற பெரிய ஆயுதம் டிசம்பரில் அவர் போடும் இந்த வகுப்புப் பங்கீடுதான். யாரை எங்கே போடுகிறார் என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். நான்காமவர் ஆறாம் ஆண்டில் பேர் வாங்கிய ஆசிரியை ஒருவரை முதலாம் ஆண்டுக்கு இறக்கினார். அவர் அழுதார், பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் அசையவில்லை. இதையும் கண்டிப்பு என்றுதான் சொல்ல வேண்டும், இந்தக் கண்டிப்புக்கு நான் கை கூப்புவேன்.

மே 25, காலை 7.30

திருத்தம். "2020வரை" என்று எழுதியது தவறு. 2020இல் கோவிட் காரணமாக அந்த ஆண்டுத் தேர்வு ரத்தானது, அவ்வளவுதான். கடைசியாக மாணவர்கள் எழுதியது 2019இல். தேர்வை அடியோடு நிறுத்துவதாக அறிவித்தது 2021 ஏப்ரலில். இன்னொன்று: அந்தப் பங்கீட்டை டிசம்பர் என்றேன். பள்ளித் தவணை மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் நகர்ந்த ஆண்டுகளில் அதுவும் நகர்ந்தது.

மே 31, பிற்பகல் 2.20

விடுமுறை. நிதானமாக எழுதலாம்.

தலைமையாசிரியர் ஆக வேண்டுமானால் என்.பி.கியூ.இ.எல். என்ற தலைமைத்துவத் தகுதிப் பயிற்சி இருக்கிறது. நெகிரி செம்பிலானின் பண்டார் என்ஸ்தெக்கில் உள்ள கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகம் நடத்துகிறது, வடக்கே நமக்கு ஜித்ராவில் கிளை. நான் அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று கொஞ்ச நாளாக யோசிக்கிறேன், அதனால் படிக்கவும் தொடங்கியிருக்கிறேன்.

அங்கே அடிபடும் பெரிய சொல் உருமாற்றத் தலைமைத்துவம். 1978இல் பர்ன்ஸ் என்பவர் அரசியல் தலைவர்களைப் பற்றிச் சொன்னதை 1985இல் பாஸ் என்பவர் நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார். கொடுக்கல் வாங்கல் தலைவர் "செய்தால் பரிசு, செய்யாவிட்டால் தண்டனை" என்பார். உருமாற்றத் தலைவர் தொலைநோக்கு காட்டி மனத்தைத் தூண்டுவார். கேட்க எனக்குப் பிடித்திருந்தது. நல்ல தலைமையாசிரியர் என்றால் பேச்சிலேயே நம்மைத் தூக்கிவிடுபவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்புறம் நியூசிலாந்துக்காரர் விவியன் ராபின்சன் என்ற கல்வி ஆய்வாளரும் வேறு இருவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை கைக்கு வந்தது. வெளியான 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாணவர் அடைவில் உருமாற்றத் தலைமைத்துவத்தின் சராசரித் தாக்கம் 0.11 (0 என்றால் தாக்கமே இல்லை). பாடத்தோடும் கற்பித்தலோடும் ஒட்டி நிற்கும் தலைமைத்துவத்துக்கு 0.42. தலைவர் செய்யும் வேலைகளை வகை பிரித்துப் பார்த்ததில் ஒன்று தனியாக எட்டி நிற்கிறது: ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும்போது தலைவரும் கூட உட்கார்ந்து கற்பது. அதற்கு 0.84.

இவை பெரும்பாலும் வேறு நாட்டுப் பள்ளிகளின் கணக்கு, அளந்ததும் மாணவர் அடைவை. நம் பள்ளிக்கு அப்படியே கொண்டுவந்து ஒட்ட மாட்டேன். ஆனாலும் அந்த 0.84ஐப் பார்த்ததும் நான் குட்டை நாற்காலியை நினைத்தேன். நான்காமவருக்கு மேடைப் பேச்சு வராது. சபைகூடலில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் நான்கு தமிழாசிரியைகள் நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசுவோம், அவரும் தன் வகுப்பு நோட்டுகளை எடுத்துக்கொண்டு வருவார். ஆம், அவருக்கும் வகுப்பு இருந்தது. "என் பாடத்தில் இந்த ஏழு பேருக்குப் பிடிபடவில்லை, நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று ஒரு தலைமையாசிரியர் உங்களிடம் கேட்டால், அதன் பிறகு உங்கள் வகுப்பில் பிடிபடாத மூன்று பேரை மறைக்க உங்களுக்குக் காரணம் இருக்காது.

ஜூன் 2, காலை 9.00

சிறிய பள்ளிகளை மறந்துவிட்டேன். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கிய காலத்தோடு நம் தமிழ்க் கல்வியின் கணக்கும் தொடங்குகிறது. அந்த வரலாற்றைப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், விடுங்கள். 150 மாணவருக்குக் குறைவான பள்ளி என்றால் தலைமையாசிரியரும் துணைத் தலைமையாசிரியர்களும் பாடம் நடத்தித்தான் ஆக வேண்டும், ஆள் போதாது. அங்கே தலைமையாசிரியரின் பாணி என்று தனியாக ஒன்று இல்லை. பக்கத்து வகுப்பில் அவர் சத்தம் போட்டால் கேட்கும், அவர் பாடம் சொதப்பினாலும் கேட்கும். என் முதல் பள்ளி அப்படிப்பட்டது. அங்கேதான் நான் வேகமாகக் கற்றேன்.

ஜூன் 10, இரவு 9.15

பிறைவாசி, உங்கள் சங்கக் கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். "ஏன் இவ்வளவு கடுமை" என்று தொடங்காதீர்கள், "இன்னும் கடுமையாக இருங்கள்" என்றும் சொல்லாதீர்கள். இந்த ஆண்டு முதலாம் ஆண்டுத் தமிழை யார் நடத்துகிறார், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேளுங்கள். கடந்த மாதம் ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வெளியே போன பாடவேளைகள் எத்தனை என்று கேளுங்கள். மாற்று ஆசிரியர் பதிவேடு எல்லாப் பள்ளியிலும் உண்டு, அதில் எழுதியிருக்கும். வகுப்பு உற்றுநோக்கல் முடிந்ததும் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுகிறாரா என்றும் கேட்கலாம். அந்த உற்றுநோக்கல் பாரத்தில் 0 முதல் 4வரை புள்ளி உண்டு: ஆசிரியர் திட்டமிடுபவரா, வழிகாட்டுபவரா, ஊக்குவிப்பவரா என்றெல்லாம். நல்ல பாரம்தான், குறை சொல்ல மாட்டேன். புள்ளியைக் கணினியில் ஏற்றியதோடு முடிந்துவிட்டால் அதை நிரப்பிய நேரம் வீண்.

அப்புறம், ஆசிரியர்களின் புலனக்குழுவில் (வாட்ஸ்அப்) இரவு எத்தனை மணிவரை கட்டளை வருகிறது என்பதை ஆசிரியர்களிடம் தனியாக விசாரியுங்கள்.

ஜூன் 11, காலை 6.00

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுத் தூங்க முடியவில்லை. போன ஆண்டிலிருந்து நான் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர். எங்கள் குழுவில் நான் போட்ட செய்திகளை எண்ணிப் பார்த்தேன். மே மாதத்தில் மட்டும் இரவு 10 மணிக்கு மேல் 14. ஒன்று 11.48க்கு: "ஊட்டச்சத்துணவுப் பெயர்ப்பட்டியல் நாளை காலை 7.30க்குள்." அதைப் பார்த்த இளம் ஆசிரியை ஒருவர் 11.50க்கு "சரிங்க டீச்சர்" என்று பதில் போட்டிருக்கிறார். அவருக்கு எட்டு மாதக் குழந்தை. அவர் மறுநாள் எப்படிப் பாடம் நடத்தினார் என்று நான் யோசிக்கவே இல்லை. மேலிருந்து எனக்கு வந்த அவசரத்தை அப்படியே கீழே தள்ளியிருக்கிறேன்.

இனி மாலை 6க்குப் பிறகு எதுவும் அனுப்புவதில்லை என்று குழுவில் எழுதிவிட்டேன். இலாகாவிலிருந்து அவசரமாகக் கேட்டால் நானே அலுவலகத்தில் உட்கார்ந்து செய்துகொள்கிறேன்.

ஜூன் 19, இரவு 8.45

எங்கள் தலைமையாசிரியர் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறார். பள்ளி என் பொறுப்பில். செவ்வாய்க்கிழமை அந்த இளம் ஆசிரியையின் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. பின்னால் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த மார்க்கர் நடுங்கியது, வெண்பலகையில் 'நீர்வீழ்ச்சி' என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் கோணலாக இறங்கின. ஒரு பெண்பிள்ளை பாடத்தை வாய்விட்டு வாசித்தாள், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சொல்லை விட்டுவிட்டு. விரல் வைத்து வாசிக்கும்போது மட்டும் விடவில்லை. நான் பாடம் முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஓய்வு நேரத்தில் அவரே என் மேசைக்கு வந்தார், அந்தப் பிள்ளையின் வாசிப்பு நூலைக் கையில் வைத்துக்கொண்டு. "டீச்சர், இவள் வரித் தொடக்கத்தில் ஒரு சொல்லை விடுகிறாள். கண் பரிசோதனைக்கு அனுப்பலாமா, இல்லை வரிக்குக் கீழே அளவுகோல் வைத்துப் பார்க்கட்டுமா? உங்கள் வகுப்பில் இப்படி யாராவது இருந்தார்களா?"

இருந்தார்கள். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.